ஒரே பணப்பை, இரண்டு கணக்கு: குடும்பங்களும் சிறுதொழில்களும் பணத்தைக் கையாளும் விதத்தை ஆராயத் தொடங்குவோருக்கு

வளரும் நாடுகளில் பெரும்பாலான தொழில்களை ஒருவரோ இருவரோதான் நடத்துகிறார்கள். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு இருக்காது. கல்லாவில் கிடக்கும் அதே பணத்தில்தான் நாளைக்குச் சரக்கு வாங்க வேண்டும், பிள்ளைக்குக் கட்டணம் கட்ட வேண்டும், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மருந்தும் வாங்க வேண்டும். பெரிய நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதிய நிதியியல் பாடங்களைப் படித்துவிட்டு நேராகக் களத்துக்குப் போகிறவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான். குடும்பம் எங்கே முடிகிறது, தொழில் எங்கே தொடங்குகிறது என்று கோடு போடாமல் எடுத்த எண்களை எந்தப் புள்ளியியல் முறையாலும் பிறகு சரிசெய்ய முடியாது.

முதுகலை மாணவர்கள், ஆய்வு உதவியாளர்கள், கடன், சேமிப்புத் திட்டங்களை மதிப்பிட வேண்டிய பொறுப்பில் இருப்பவர்கள் ஆகியோருக்காக வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதியிருக்கிறோம்.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

"கடன் கொடுத்தால் ஏழைகள் முன்னேறுவார்களா?" என்பதை வைத்துக்கொண்டு வினாப்பட்டியல் எழுத முடியாது. யாருக்கு, எந்த வகைப் பணம், எந்த விளைவு, எத்தனை மாதத்தில் என்ற நான்கையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். சொல்ல முடியாவிட்டால் கேள்வி இன்னும் முதிரவில்லை.

அடுத்து, மக்கள் முதலீடு செய்யாததற்கு உங்கள் விளக்கம் என்ன என்பதை எழுதி வையுங்கள். கையில் பணம் இல்லாமல் இருக்கலாம். பணம் இருந்தும் நட்டம் வந்தால் தாங்க முடியாது என்ற பயம் இருக்கலாம். சேர்த்து வைக்கப் பாதுகாப்பான இடம் இல்லாமலோ, சேர்த்ததை உறவினர் கேட்டு வாங்கிவிடுவதாலோ இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்; தீர்வுகள் வேறு வேறு. கார்லான், ஓசெய், ஓசெய்-அக்கோட்டோ, உட்ரி ஆகியோர் வடக்குக் கானாவில் உழவர்களிடையே நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. மழைக் காப்பீடு பெற்றவர்கள் சாகுபடியில் முதலீட்டை நன்றாகக் கூட்டினார்கள். வெறும் பணம் பெற்றவர்களிடம் மாற்றம் சிறிதாகவே இருந்தது. அங்கே பணத்தட்டுப்பாட்டைவிட இழப்பு பயமே பெரிய தடையாக இருந்திருக்கிறது. பணத்தட்டுப்பாட்டை மட்டும் அளக்கும் வினாப்பட்டியலுடன் போயிருந்தால் இது தெரியாமலே போயிருக்கும்.

2. ஏற்கெனவே இருக்கும் தரவைத் தோண்டுங்கள்

புதிதாகக் கணக்கெடுப்பு நடத்துவது செலவு பிடிக்கும் வேலை. குறைந்தது இரண்டு மாதமாவது பொதுவில் கிடைக்கும் தரவோடு பழகுங்கள். உலக வங்கியின் வாழ்க்கைத்தர அளவீட்டுக் கணக்கெடுப்புகள், 1980இல் தொடங்கிய திட்டத்தின் கீழ், 1985 முதல் நடக்கின்றன. இந்தோனேசியக் குடும்ப வாழ்க்கைக் கணக்கெடுப்பு 1993, 1997, 2000, 2007, 2014 எனத் திரும்பத் திரும்ப அதே குடும்பங்களைத் தேடிப் போனது. வறண்ட நிலப் பயிர்களை ஆராயும் பன்னாட்டு நிறுவனமான இக்ரிசாட் 1975இல் இந்தியக் கிராமங்களில் தொடங்கிய தரவை வைத்துத்தான் ராபர்ட் டவுன்சென்ட் 1994இல், கிராமத்தார் இழப்பைத் தமக்குள் எந்த அளவுக்குப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதைச் சோதித்தார். அவரே தாய்லாந்தில் 1997இல் தொடங்கிய கணக்கெடுப்பில், அடுத்த ஆண்டு முதல் ஒரு பகுதிக் குடும்பங்களை மாதந்தோறும் சந்தித்தார்கள்.

தரவைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது யார் விடுபட்டிருக்கிறார்கள் என்பது. உலக வங்கியின் நிறுவனக் கணக்கெடுப்பு பொதுவாக ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும், பதிவு பெற்ற நிறுவனங்களையே எடுத்துக்கொள்கிறது. தெருவோர வியாபாரியைப் பற்றிய கேள்விக்கு அதில் விடை இருக்காது. 2011இல் தொடங்கிய குளோபல் ஃபிண்டெக்ஸ் என்னும் உலக வங்கியின் நிதிப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு தனிநபரிடம் கேட்பது. வீட்டில் மற்றவர்கள் வாங்கிய கடன் அதில் தெரியாது.

3. கோடு போடுங்கள்: லாபம், ரொக்கம், சொந்த எடுப்பு

இந்தப் படியில் நேரம் செலவழியுங்கள். சாம்பந்தரக், டவுன்சென்ட் இருவரும் காட்டிய வழி எளிமையானது: ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு நிறுவனமாகவே பாவித்து மூன்று கணக்குகள் எழுதுவது. இந்த நாளில் என்ன இருக்கிறது, என்ன கொடுக்க வேண்டும் என்ற ஐந்தொகை. காலத்தில் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்ற வருமானக் கணக்கு. பணம் எங்கிருந்து வந்து எங்கே போனது என்ற ரொக்கக் கணக்கு. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

ஒரு சிறு கடையின் ஒரு மாதத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும். விற்பனை 60,000. அதில் 8,000 கடனுக்கு விற்றது, இன்னும் வரவில்லை. சரக்குக் கொள்முதல் 45,000, முழுவதும் ரொக்கம். வாடகை, போக்குவரத்து முதலிய செலவு 6,000. மாதத் தொடக்கத்தில் சரக்கிருப்பு 20,000, முடிவில் 24,000. கடைச் சரக்கில் 3,000 மதிப்புள்ளதை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

புதிதாக வந்தவர் விற்பனையிலிருந்து கொள்முதலையும் செலவையும் கழித்து லாபம் 9,000 என்று எழுதுவார். சரியான கணக்கு வேறு. விற்ற சரக்கின் அடக்கவிலை என்பது தொடக்க இருப்பும் கொள்முதலும் சேர்ந்த 65,000இலிருந்து இறுதி இருப்பு 24,000, வீட்டுக்குப் போன 3,000 இரண்டையும் கழித்த 38,000. ஆகவே லாபம் 60,000 − 38,000 − 6,000 = 16,000. வீட்டுக்குப் போன சரக்கு தொழிலின் செலவு ஆகாது. அது உரிமையாளரின் சொந்த எடுப்பு; குடும்பத்தின் நுகர்வுக் கணக்கில் வரவேண்டியது. அதே மாதத்தில் கைக்கு வந்த ரொக்கத்தைப் பாருங்கள்: 52,000 − 45,000 − 6,000 = 1,000 மட்டும்.

ஒரே கடை, ஒரே மாதம், 16,000, 9,000, 1,000 என்று மூன்று எண்கள். இருப்பு கூடியது 4,000, வீட்டுக்குப் போனது 3,000, வராத கடன் 8,000; இந்த மூன்றையும் 16,000இலிருந்து கழித்தால் 1,000 வந்துவிடும். இப்படிப் பொருத்திப் பார்க்கப் பழகிவிட்டால், "லாபம் வருது, ஆனா கையில காசே நிக்கல" என்று ஒருவர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை என்பது புரியும்.

கோடு போடாததால் முடிவே மாறிப்போன கதை ஒன்று உண்டு. 2005இல் இலங்கையில் டி மெல், மெக்கென்சி, உட்ரஃப் மூவரும் சிறுதொழில் நடத்துவோருக்குக் குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 ரூபாயைப் பணமாகவோ பொருளாகவோ கொடுத்தார்கள். சராசரியாக மாதத்துக்கு ஏறக்குறைய 5 விழுக்காடு வருவாய் கிடைத்தது. எந்த வங்கி வட்டியையும்விட மிக அதிகம். ஆனால் பெண்கள் நடத்திய தொழில்களில் வருவாய் ஏதும் தெரியவில்லை. பெண்களுக்குத் தொழில்திறன் இல்லை என்று அவசரப்பட்டு முடிவுகட்ட எவ்வளவு எளிது! பிறகு பெர்ன்ஹார்ட், ஃபீல்ட், பாண்டே, ரிகோல் நால்வரும் இந்தியா, இலங்கை, கானா ஆகிய நாடுகளின் தரவை வீட்டளவில் எடுத்துப் பார்த்தபோது, பெண்ணின் பெயருக்கு வந்த பணம் பல வீடுகளில் கணவரின் தொழிலுக்குப் போயிருந்தது தெரிந்தது. பெண்ணின் தொழிலை மட்டும் அளந்தால் பூச்சியம். வீட்டை அளந்தால் பலன் இருந்தது. அந்த வீட்டிலுள்ள எல்லாத் தொழில்களையும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் போட்ட முதலைத் தனித்தனியாகக் கேளுங்கள். வினாப்பட்டியலில் கூடுதலாக அரைப் பக்கம் போதும்.

4. கேட்கும் விதம்

லாபத்தை எப்படிக் கேட்பது என்பதை அதே இலங்கை ஆய்வாளர்கள் தனியாகச் சோதித்து 2009இல் எழுதினார்கள். விற்பனையையும் ஒவ்வொரு செலவையும் கேட்டுக் கழித்துப் பார்ப்பதைவிட, ஒரே கேள்வியாக நேரடியாகக் கேட்பது நம்பகமானது என்பது அவர்கள் முடிவு. விற்பனையை மக்கள் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைத்துச் சொன்னதையும் கண்டார்கள். விரிவாகக் கேட்டால் துல்லியம் கூடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இந்த மாதம் வாங்கிய சரக்கு இந்த மாதமே விற்றதாக இருக்காது. மேலே பார்த்த 9,000 அப்படித்தான் வந்தது. களத்தில் இப்படிக் கேளுங்கள்: "போன மாசம், கூலி உட்பட எல்லாச் செலவும் போக, தொழில்ல உங்களுக்கு நின்னது எவ்வளவு? நீங்க உங்களுக்குன்னு எடுத்துக்கிட்டதைக் கழிக்காம சொல்லுங்க." கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால் எடுத்துச் செலவழித்தது போக மிஞ்சியதை மட்டும் சொல்வார்கள். விற்பனையையும் செலவையும் கேட்கவே கூடாது என்பதில்லை. முதலில் நேரடிக் கேள்வி, பிறகு விவரம், இரண்டும் அதிகம் முரண்பட்டால் அங்கேயே திரும்பக் கேட்பது நல்ல வரிசை.

கடன் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. தென்னாப்பிரிக்காவில் கார்லான், ஜின்மன் இருவரும் அதிக வட்டிக்குக் கடன் தரும் ஒரு நிறுவனத்தின் பதிவேட்டையும் கணக்கெடுப்பில் வந்த பதிலையும் ஒப்பிட்டார்கள். அண்மையில் கடன் வாங்கியவர்களில் பாதிப் பேர் அதைச் சொல்லவில்லை. ஆகவே "கடன் இருக்கிறதா?" என்று ஒரே கேள்வியோடு நிறுத்தாதீர்கள். வங்கி, குழுக்கடன், அடகு, வட்டிக்கு விடுபவர், சரக்கு கொடுப்பவரிடம் வைத்த பாக்கி, முதலாளியிடம் வாங்கிய முன்பணம், உறவினர் கைமாற்று, சீட்டு எடுத்தது என்று ஒவ்வொரு வழியையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வட்டியில்லாத கைமாற்றைப் பலர் கடனாகவே நினைப்பதில்லை. கடைப் பாக்கியும் அப்படியே. ஒருவர் மற்றவருக்குக் கொடுத்து வைத்திருப்பதையும் மறக்காமல் கேளுங்கள். ஏழைக் குடும்பங்களும் கடன் கொடுக்கின்றன.

வட்டி விகிதத்தை எண்ணாகக் கேட்காதீர்கள். கையில் வாங்கியது எவ்வளவு, எப்போது எப்போது எவ்வளவு கட்டினீர்கள் என்று கேட்டு நீங்களே கணக்கிடுங்கள். 100க்குக் கடன், 10ஐ முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 90 கொடுக்கிறார்கள், வாரம் 10 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும் என்று வையுங்கள். வாங்கியவர் "பத்து பர்சன்ட் வட்டி" என்பார். அசல் வாராவாரம் குறைவதைச் சேர்த்துக் கணக்கிட்டால் வாரத்துக்கு ஏறக்குறைய 1.96 விழுக்காடு, கூட்டு வட்டி சேர்க்காமலே ஆண்டுக்கு 100 விழுக்காட்டைத் தாண்டுகிறது. "பத்து" என்று பதிந்துவிட்டு வங்கி வட்டியோடு ஒப்பிட்டால் ஆய்வே தலைகீழாகும்.

எவ்வளவு காலத்துக்கு நினைவுகூரச் சொல்வது என்பதும் பதிலை மாற்றும். தான்சானியாவில் நுகர்வை எட்டு வெவ்வேறு முறைகளில் கேட்டுப் பார்த்த சோதனையில் ஒவ்வொரு முறைக்கும் சராசரி மாறியது. அன்றாடச் செலவுக்கு ஒரு வாரம், தொழில் லாபத்துக்கு ஒரு மாதம், மாடு, வண்டி, நகை போன்ற பெரிய வாங்கல் விற்றல்களுக்கு ஓராண்டு என்று பிரிப்பது எங்கள் பரிந்துரை. "கடந்த ஓராண்டில்" என்பதைவிட, எல்லோருக்கும் நினைவிருக்கும் ஒரு திருவிழாவையோ அறுவடையையோ எல்லையாக வைத்து "அதிலிருந்து இன்று வரை" என்று கேட்டால் அதற்கு முந்தியவை உள்ளே நுழைவது குறையும்.

நேரமும் பணமும் இருந்தால் நிதி நாட்குறிப்பு முறையைப் பயன்படுத்தலாம். இரண்டு வாரத்துக்கொரு முறை போய், வரவு செலவு அனைத்தையும் பதிவது. ஒவ்வொரு சந்திப்பிலும் போன முறை கையிருப்பு + வரவு − செலவு = இப்போதைய கையிருப்பு என்பது சரிவருகிறதா என்று அங்கேயே பாருங்கள். முதல் சில சந்திப்புகளில் பெரிய இடைவெளி இருக்கும். நம்பிக்கை வளர வளரக் குறையும். முதல் மூன்று சுற்றுகளை ஆய்வில் சேர்க்காமல் விடுவது பாதுகாப்பு.

எவர் முன்னால் கேட்கிறோம் என்பது முக்கியம். யாகியேலா, ஓசியர் இருவரும் கென்யாவில் நடத்திய சோதனையில், உறவினருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே பெண்கள் குறைந்த வருவாய் தரும் வழியைத் தேர்ந்தார்கள். மனைவியின் தனிச் சேமிப்பைப் பற்றிய கேள்வியைக் கணவர் காதில் விழும்படி கேட்டால் தரவும் கெடும், அந்தப் பெண்ணுக்குத் துன்பமும் வரும். தனியாகப் பேச இடம் இல்லையென்றால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு இன்னொரு நாள் போங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

5. எத்தனை பேர் வேண்டும்

இரண்டு குழுக்களை ஒப்பிடும் சோதனைக்கு, வழக்கமான 5 விழுக்காடு பிழை எல்லையிலும் (இல்லாத விளைவை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) 80 விழுக்காடு கண்டறியும் வாய்ப்பிலும், ஒவ்வொரு குழுவுக்கும் தேவையான எண்ணிக்கை 15.7ஐ எதிர்பார்க்கும் மாற்றத்தின் வர்க்கத்தால் வகுத்தது. மாற்றத்தைத் திட்டவிலக்க அலகில் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) எழுத வேண்டும். 0.2 என்றால் ஏறக்குறைய 392 பேர். 0.1 என்றால் 1,570 பேர். சிறுதொழில் லாபத்தின் திட்டவிலக்கம் பெரும்பாலும் சராசரி அளவுக்கோ அதற்கு மேலோ இருக்கும். ஆக லாபம் 10 விழுக்காடு கூடியதைக் கண்டுபிடிக்கவே குழுவுக்கு 1,570 கடைகள் வேண்டும்.

கிராமம் கிராமமாக ஒதுக்கினால் இந்த எண்ணை 1 + (m − 1)ρ என்பதால் பெருக்க வேண்டும். m என்பது கிராமத்துக்கு எத்தனை வீடு. ρ என்பது ஒரே கிராமத்து வீடுகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பது. 20 வீடு, 0.05 என்றால் 1.95, ஏறக்குறைய இரண்டு மடங்கு. வீடுகளைக் கூட்டுவதைவிடக் கிராமங்களைக் கூட்டுவதே பலன் தரும்.

புதியவர்களைக் கவிழ்ப்பது இன்னொன்று: எல்லோரும் திட்டத்தை ஏற்றுக்கொள்வார்கள் என்ற எண்ணம். பிலிப்பைன்ஸில் அஷ்ரஃப், கார்லான், யின் மூவரும், குறித்த நாளோ தொகையோ வரும்வரை தம் பணத்தைத் தாமே எடுக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும் சேமிப்புக் கணக்கைக் கொடுத்துப் பார்த்தபோது 28 விழுக்காட்டினரே சேர்ந்தார்கள். ஐதராபாதில் 104 குடியிருப்புப் பகுதிகளில் 52ஐக் குலுக்கித் தேர்ந்து சிறுகடன் நிறுவனம் ஒன்று கிளை திறந்த ஆய்வில், முதல் தொடர் கணக்கெடுப்பின்போது சிறுகடன் வாங்கியோர் விகிதத்தில் இரு பகுதிகளுக்கும் வித்தியாசம் 8 விழுக்காட்டுப் புள்ளிகளை ஒட்டியே இருந்தது. தேவையான மாதிரியை ஏற்பு விகிதத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும்; ஏற்பு குறையக் குறைய மாதிரி பெருகும். பாதிப் பேர் ஏற்றால் 4 மடங்கு, பத்தில் ஒருவர் ஏற்றால் 100 மடங்கு. ஆகவே முதலில் விருப்பம் தெரிவிப்பவர்களைப் பட்டியலிட்டு, அவர்களுக்குள் குலுக்குங்கள்.

பட்டியல் எங்கிருந்து கிடைக்கும்? பதிவு பெறாத தொழில்களுக்கு எந்த அலுவலகத்திலும் பட்டியல் இருக்காது. பகுதிகளைக் குலுக்கித் தேர்ந்து, வீடு வீடாகப் போய் எழுத வேண்டும். தெருவில் தெரியும் கடைகளை மட்டும் எழுதினால் வீட்டுக்குள் நடக்கும் தொழில்கள் விடுபடும். அவற்றில் பெரும்பங்கு பெண்களுடையது. பகலில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை போங்கள்.

6. களத்தில்

குறைந்தது 30 வீடுகளில் முன்னோட்டம் பாருங்கள். ஒவ்வொரு நாள் இரவும் தரவைத் திறந்து மூன்றைச் சோதியுங்கள்: ஒரு கணக்கெடுப்பாளரிடம் மட்டும் "கடன் இல்லை" என்ற பதில் அதிகமா (ஒரு கடன் என்று பதிந்தால் பத்துக் கேள்வி தொடரும் என்பதைக் கற்றுக்கொண்டிருப்பார்), பேட்டி வழக்கத்தில் பாதி நேரத்தில் முடிகிறதா, எண்கள் எல்லாம் முழு ஆயிரங்களாக இருக்கின்றனவா. மாதிரியில் பத்து விழுக்காட்டினரிடம் வேறொருவர் திரும்பப் போய்ச் சில கேள்விகளை மறுபடி கேட்க வேண்டும்.

7. தரவு வந்த பிறகு

லாபத்தில் ஒன்றிரண்டு பெரிய எண்கள் சராசரியை இழுத்துவிடும். 12,000 என்பது 1,20,000 ஆகப் பதிவாகியிருக்கலாம். உண்மையிலேயே பெரிய கடையாகவும் இருக்கலாம். திரும்ப அழைத்துக் கேட்க முடிந்தால் கேளுங்கள். முடியாவிட்டால் மேல் 1 விழுக்காட்டை அந்த எல்லை மதிப்புக்கு இறக்குங்கள். எந்த எல்லை என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே ஆய்வுத் திட்டத்தில் எழுதிப் பதிவு செய்யுங்கள். அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் இதற்கென்று 2013 முதல் பதிவேடு வைத்திருக்கிறது.

பூச்சிய லாபம் உள்ளவர்களுக்கு மடக்கை எடுக்க முடியாது என்பதால் 1ஐக் கூட்டி மடக்கை எடுப்பது, அல்லது அதுபோன்ற வேறு உருமாற்றம் செய்வது வழக்கம். தவிருங்கள். பணத்தை ஒற்றை அலகில் எழுதினால் ஒரு விடையும் ஆயிரங்களில் எழுதினால் வேறொரு விடையும் வரும். பண அளவிலேயே விளைவைச் சொல்லி, தொழில் நடத்துவோர் விகிதத்தைத் தனி விளைவாகக் காட்டுவது நேர்மையானது.

தொடக்கக் கணக்கெடுப்பு இருக்கிறதே என்று முன்-பின் வித்தியாசத்தை எடுப்பது பலரின் பழக்கம். லாபத்துக்கு அது பொருந்தாது. ஒரு காலத்து லாபத்துக்கும் அடுத்ததற்கும் ஒட்டுறவு குறைவு. அது 0.3 என்று வைத்தால், பின்னதை மட்டும் ஒப்பிடும்போது மதிப்பீட்டின் மாறுபாடு (சிதறல்; குறைவாக இருப்பதே நல்லது) 1 என்றால், வித்தியாச முறையில் 1.4, தொடக்க மதிப்பைக் கட்டுப்பாட்டு மாறியாகச் சேர்த்தால் 0.91. வித்தியாச முறை இங்கே இருப்பதையும் கெடுக்கிறது. ஒரு தொடர் கணக்கெடுப்புக்குப் பதில் நான்கு எடுத்துச் சராசரி கண்டால் 0.91 என்பது 0.39க்குக் குறையும். பெரிய ஒற்றைக் கணக்கெடுப்பைவிடச் சிறிதாகப் பலமுறை போவதை மெக்கென்சி 2012இல் வலியுறுத்தியது இதனால்தான்.

மூடிய கடைகளையும் இடம் மாறிய குடும்பங்களையும் விட்டுவிடாதீர்கள். கடன் பெற்ற குழுவில் நலிந்த கடைகளும் தாக்குப்பிடித்து, பெறாத குழுவில் அவை மூடியிருந்தால், நடக்கும் கடைகளை மட்டும் ஒப்பிடும்போது கடன் லாபத்தைக் குறைத்ததுபோலத் தெரியும். மூடியவருக்குத் தொழில் லாபம் பூச்சியம் என்று சேர்த்து, அவர் இப்போது பார்க்கும் கூலி வேலையின் வருமானத்தைக் குடும்பக் கணக்கில் எழுதுங்கள். கண்டுபிடிக்க முடியாதவர்கள் இரு குழுக்களிலும் வேறுபட்ட அளவில் இருந்தால், விளைவின் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் சேர்த்தே வெளியிடுங்கள்.

பெயர், தொலைபேசி எண், வீட்டு இருப்பிடம் ஆகியவற்றை முதல் நாளே தனிக் கோப்பாகப் பிரித்துக் கடவுச்சொல்லால் பூட்டுங்கள். ஆய்வுக் கோப்பில் குறியீட்டு எண் மட்டும் இருக்கட்டும். கிராமத்தின் பெயரையும் நீக்குங்கள். ஒரு கிராமத்தில் அரவை மில் ஒன்றே ஒன்று இருந்தால், பெயர் இல்லாமலே அதன் உரிமையாளர் யாரிடம் எவ்வளவு கடன் பட்டிருக்கிறார் என்பதை ஊரார் கண்டுகொள்வார்கள்.